எரிக்கவேண்டிய கட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையை நம்பியிருக்கும் ஒரு கிராமம் என்னுடையது. அப்பா சிறுவயதிலேயே இறந்துவிட்டார். அம்மா கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டு எங்களை வளர்த்தார். அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். வரலாற்றில் முனைவர் பட்டம். ஆய்வுக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பல மாதங்கள் உட்கார்ந்திருக்கிறேன். சில ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளர் வேலை. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை. ஆவண மேலாண்மையில் பட்டயம் படித்து, இப்போது அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் ஆவண மேலாளராக இருக்கிறேன். சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஊரில் ‘டாக்டர் பட்டம் வாங்கிட்டுப் பழைய பேப்பர் அடுக்குறான்’ என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தூசியில் மூக்கு அடைத்துக்கொள்கிறது. அழிக்கவேண்டிய பழைய கோப்புகளுக்குப் பட்டியல் போடுவதுதான் இப்போது என் ‘அறிவுப்பணி’. அடுத்த மாதம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும்.

நான் படித்த பள்ளியின் ஆண்டுவிழாவில் பேச அழைத்திருக்கிறார்கள். ஏழ்மையிலிருந்து உயர்ந்த கதையைச் சொல்லவேண்டுமாம். என்ன பேசுவது? உதவிப் பேராசிரியர் தேர்வு அறிவித்தால் எழுதலாமா? ஆவணவியலில் நல்ல நூல்கள் இரண்டு சொல்லமுடியுமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

தேர்வு வந்தால் எழுதுங்கள், கிடைத்தால் போங்கள். அது உங்கள் பிழைப்பு, நான் சொல்ல ஒன்றுமில்லை. தூசிக்கு முகக்கவசம் போதும். ஊர்க்காரர்கள் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். பேராசிரியர் ஆகியிருந்தால் ‘கலெக்டர் ஆகலையே’ என்றிருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேட்ட எதுவுமல்ல. போகிறபோக்கில் மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டுப் போனீர்களே, அந்த அழிப்புப் பட்டியல். கொஞ்ச நாட்களாக எனக்கும் அதே நினைப்புதான். நண்பர் ஒருவர் தன் ஊர் நில வழக்கு ஒன்றின் காகிதங்களைப் படித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். எதைக் கேட்டாலும் வந்த பதில் ஒன்றே: ‘மேற்படி கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது.’ எந்தத் தேதியில், யார் உத்தரவில், எந்தப் பட்டியலின்படி என்று ஒரு வரி கிடையாது. அந்த எரிச்சலோடு இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த உயர்ந்த கதை. இந்த வகைக் கதைகள் எனக்கு ஆகாது. பழைய சோறு, செருப்பில்லாத கால், தெருவிளக்கு, கடைசியில் ஒரு நாற்காலி. அம்மா இரண்டாவது நிமிடத்தில் வந்து எல்லோரையும் அழவைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் கதையில் அவருக்கு வேலை இருக்காது. உங்கள் அம்மாவை அப்படி ஆக்கிவிடாதீர்கள். அவர் எத்தனை மூட்டை கரி ஏற்றினார், வியாபாரி நோட்டில் எத்தனை எழுதிக்கொண்டான், நடுவில் எவ்வளவு காணாமல் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதுதான் கணக்கு என்பதைப் பத்து வயதில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் நீங்கள். இந்தத் தொழிலுக்கு அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? அதைப் போய்ப் பதிவறை வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறீர்கள்.

என் அத்தை கதையைச் சொல்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல்காட்டில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. யூ.டி.ஆர். என்பார்களே, 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், அதில் பட்டா பக்கத்துக் காட்டுக்காரர் பெயருக்குப் போய்விட்டது. இப்படிப் பெயர் மாறிய நிலங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். யூ.டி.ஆர். பிழை என்று மனு வராத வட்டாட்சியர் அலுவலகம் இன்றைக்கும் இருக்காது. அத்தைக்கு விஷயம் தெரிந்ததே ஆண்டுகள் கழித்து, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கப் போனபோதுதான். மாமா உயிரோடு இருந்த காலத்தில் எல்லைத் தகராறு ஒன்று வந்து, தாசில்தார் நேரில் பார்த்து உத்தரவு போட்டிருந்தார். அது கிடைத்தால் போதும். நான் அப்போது கல்லூரி மாணவன். துணைக்குப் போனேன்.

பிரிவில் இருந்தவர் உத்தரவு எண்ணும் தேதியும் கேட்டார். அத்தைக்கு இரண்டும் தெரியாது. ‘நம்பர் இல்லாம எப்படிம்மா தேடுறது?’ என்று அவர் வேறு கோப்புக்குத் திரும்பிக்கொண்டார். போகும்போதெல்லாம் இதே பதில். ஒருநாள் பதிவறை எழுத்தர் எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஓய்வுபெறும் வயது, விரலிடுக்கில் மூக்குப்பொடி. அவர் நம்பர் கேட்கவில்லை.

‘தாசில்தார் எப்பம்மா வந்து பாத்தாரு?’

‘எங்க சின்னவனுக்கு மொட்டை போட்ட வருசம்யா.’

‘மொட்டை இருக்கட்டும். யாரு ஆட்சி?’

‘எம்சியாரு வந்த புதுசு.’

‘காட்டுல என்ன நின்னுச்சு?’

‘பருத்தி. எடுப்பு முடிஞ்சிருச்சு. மாரு பிடுங்கலை.’

‘அப்ப சித்திரை, வைகாசி’ என்று சொல்லி விரல்விட்டு எண்ணினார். ‘எண்பத்தேழாம் பசலி.’

இளைய வாசகர்களுக்காக: வருவாய்த்துறைக் கணக்குக்குப் பசலி ஆண்டு. ஜூலை 1-இல் தொடங்கும். அந்த ஜூலை வரும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி. எம்.ஜி.ஆர். முதல்முறை முதல்வரானது 1977 ஜூன் 30. அது 1386-ஆம் பசலியின் கடைசி நாள்! ஒருநாள் தள்ளியிருந்தால் ஆட்சியும் பசலியும் ஒன்றாகவே தொடங்கியிருக்கும். எப்படியோ, அவர் வந்த புதுசில் ஒரு கோடை என்றால் அது 1978 கோடை, 1387 பசலி. கிழவர் அந்த ஆண்டு அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கை, எடுத்தார். பருத்தியும் இருந்தது, சர்வே எண்ணும் இருந்தது. அங்கிருந்து, எழுத்தர் தன்னிடம் வரும் காகிதங்களை எண்ணிட்டுப் பதியும் 1978-ஆம் ஆண்டுத் தன்பதிவேட்டுக்குப் போனார். கோப்பு எண் கிடைத்துவிட்டது.

கோப்பு அலமாரியில் இல்லை. எரிப்பதற்காகக் கட்டி மூலையில் போட்டிருந்த கட்டு ஒன்றுக்குள் இருந்தது. விசாரணையை முடித்த பிரிவு எழுத்தர் அதன்மேல் ‘மூ.மு.’ என்று எழுதி அனுப்பியிருந்தார், மூன்றாண்டு முடிவு. ஒரு நிலத்தின் எல்லையைத் தீர்மானிக்கும் உத்தரவுக்கு மூன்றாண்டு ஆயுள்! கெடு முடிந்து வெகுகாலம் ஆகியும் யாருடைய சோம்பலாலோ அது எரியாமல் கிடந்திருக்கிறது. கிழவர் அட்டையைப் பார்த்ததும் தலையிலடித்துக்கொண்டார். ‘எவன்யா இதுக்கு மூ.மு. போட்டது?’ அன்றே குறிப்பெழுதி, அதை நிரந்தரமாக வைக்க உத்தரவு வாங்கினார். அத்தைக்குப் பட்டா திரும்ப வர அதற்குப் பிறகும் நெடுநாள் ஆயிற்று. ஆனால் வந்தது. அந்த மனிதர் கடைசிவரை அத்தையிடம் ஒரு வார்த்தை இதமாகப் பேசியதில்லை. வராந்தாவில் வெற்றிலை துப்பியதற்காக ஒருநாள் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்.

நம் அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுகிறார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்று, ப.மு. பத்து, நிரந்தரம் தனி. உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த எழுத்தைப் போடுபவர் சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப்போகும் ஒரே ஆள் அழிப்புப் பட்டியல் போடுபவர். அவரும் அட்டையை மட்டும் பார்த்து எழுதினால் தீர்ந்தது. நீங்கள் அட்டையை மட்டும் பார்த்துத்தான் எழுதுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் சலிப்பே சொல்கிறது. இல்லையென்றால் கோபித்துக்கொண்டு பதில் எழுதுங்கள், சந்தோஷப்படுவேன்.

எதையும் அழிக்கவே கூடாது என்று சொல்லவரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் பதிவறையைப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் கேட்கிறபோது எதையும் எடுக்கமுடியாது. எதை விடுவது என்று முடிவெடுப்பவரின் கண்முன் யார் நிற்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நீங்கள் கேட்ட நூல்கள் இங்கேதான் வருகின்றன. பிரிட்டனின் ஹிலாரி ஜெங்கின்சன் 1922-இல் எழுதிய கையேடு ஒன்று. அமெரிக்காவின் டி.ஆர்.ஷெலன்பெர்க் 1956-இல் எழுதிய ‘மாடர்ன் ஆர்க்கைவ்ஸ்’ இன்னொன்று. பட்டயப் படிப்புக்கு இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள், இனிமேல் படியுங்கள். எதை வைப்பது எதை விடுவது என்று பொறுக்குவது ஆவணக் காப்பாளர் வேலையல்ல, அதை அந்த அலுவலகமே முடிவுசெய்யட்டும் என்பது ஜெங்கின்சன் கட்சி. இருபதாம் நூற்றாண்டு அரசுகள் மலைமலையாகக் காகிதம் போடுகின்றன, பொறுக்காமல் முடியாது என்றார் ஷெலன்பெர்க். அலுவலகத்துக்கு உள்ள பயன் வேறு, பின்னால் பிறருக்கு உள்ள பயன் வேறு என்று பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். கன்சாஸ் மாநிலத்தில் 1903-இல் பிறந்தவர், வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தவர். உங்கள் வழிதான். அடுத்தமுறை ஊரில் யாராவது பேப்பர் அடுக்குவதைப் பற்றிப் பேசினால் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியாது என்றாலும்.

ஆனால் இருவர்மேலும் எனக்கு ஒரு மனக்குறை. ஜெங்கின்சன் கண்முன் அலுவலகம் நிற்கிறது. ஷெலன்பெர்க் கண்முன் அலுவலகத்தோடு ஆய்வாளரும் நிற்கிறார். கவுண்டருக்கு வெளியே மஞ்சள்பையோடு நிற்கும் என் அத்தை இருவர் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

நீங்களும் ஆய்வாளர்தான். அதுதான் என் பயமே. ஆய்வாளருக்குச் சுவையான காகிதம் கண்ணில் படும், பழைய வரைபடம், வெள்ளைக்காரன் கையெழுத்து, இப்படி. பஞ்சமி நிலத்தை, வெள்ளைக்காரன் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, அதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த அரசாணை, ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் ஒதுக்கீடு, முதல் பத்து ஆண்டு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்ளேயே கைமாறவேண்டும் என்ற நிபந்தனை. அறிக்கையை மேற்கோள் காட்டாத ஆய்வேடு கிடையாது. அது பத்திரமாக இருக்கிறது. நிலத்தை மீட்கப் போகிறவருக்கு அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இந்தக் கிராமத்தில் இந்தச் சர்வே எண் நிபந்தனை நிலம் என்று சொல்லும் பழைய பதிவேட்டின் ஒரு வரி வேண்டும். யாரும் மேற்கோள் காட்டாத வரி. 1994-இல் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். அதே 1994-இல்தான் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில் கூலித் தொழிலாளர்களைக் கூட்டிவைத்துப் பொது விசாரணை நடத்தினார்கள். அங்கே உரக்க வாசிக்கப்பட்டவை பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோல்களும், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயரும் கூலியும் எழுதிய பட்டியல்களும், பில்களும். அப்படிப்பட்ட கூட்டங்களிலிருந்து வளர்ந்த 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில், நான்காம் பிரிவின் முதல் கடமையே ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்கவேண்டும் என்பதுதான். அது உங்கள் வேலை. சட்டத்தில் அதற்கு மேற்கோள் குறி போடவில்லை.

ஸ்கேன் செய்துவிட்டுத்தான் அழிக்கிறோம் என்று எழுதுவீர்கள். எந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும்? ‘ஸ்கேன்_0047’ என்ற பெயரிலா? பூட்டிய அறைக்குச் சாவி தொலைந்ததற்கும் இதற்கும் மின்கட்டணம்தான் வித்தியாசம்.

உங்கள் நிறுவனத்தில் தினக்கூலிகளும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருப்பார்கள். தொழிற்சாலையில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரம் கேட்கலாம் என்று 1981-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த 480 நாளை ஒரு தொழிலாளி எதைக்கொண்டு காட்டுவார்? அவரிடம் இருப்பது பழைய கேட் பாஸ், நிறம் மங்கிய ஒரு புகைப்படம். வருகைப் பதிவேடு இருப்பது நிர்வாகத்திடம். அதாவது உங்களிடம். பதிவேடு வைக்கப்பட்டதா என்று நீதிமன்றம் கேட்கும் நாளில், விதிப்படி அழித்துவிட்டோம் என்று எடுத்துக் காட்டப்படும் காகிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும், டாக்டர் பட்டத்தோடு. கரி வியாபாரியின் நோட்டு இப்போது உங்கள் கையில் இருக்கிறது, எம்.

ஆண்டுவிழாவை மறந்துவிட்டேன். பேச்சு வேண்டாம். வீட்டிலுள்ள ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, அக்காவின் மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்து, அம்மா பெயர் எத்தனை விதமாக இருக்கிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். ஒன்றில் முத்துலட்சுமி, ஒன்றில் முத்துலெட்சுமி, இன்னொன்றில் வெறும் லட்சுமி. எந்த மனுவை எந்த அலுவலகத்தில் கொடுத்துச் சரிசெய்வது என்று மேடையிலேயே சொல்லிக்கொடுங்கள். தலைமையாசிரியருக்கு ஏமாற்றமாக இருக்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், முன்வரிசையில் உட்காரட்டும். அழவைக்காதீர்கள்.

பட்டியலை எனக்கு அனுப்பக்கூடாது, கேட்கவும் மாட்டேன். வருகைப் பதிவேடுகள் அதில் இருக்கின்றனவா, எந்த ஆண்டுவரை என்று மட்டும் கையெழுத்துக்கு முன் பாருங்கள். இருந்தால் வெளியே எடுக்கக் குறிப்பெழுதுங்கள். மேலதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கி, அந்தக் கோப்புக்கு நிரந்தரம் என்று போடுங்கள்.

அன்புடன்