விசிலுக்குக் காத்திருக்க வேண்டுமா?

கே: எங்கள் ஊர் கால்பந்து மேட்சில் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே எங்கள் பையனைத் தட்டிவிட்டார்கள். நடுவர் ஃபவுல் கொடுத்தார். அவர்கள் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுவர் கட்டி முடிப்பதற்குள் டக்கென்று அடித்துக் கோலாக்கிவிட்டோம். "மறுபடி விசில் ஊதவே இல்லையே" என்று சண்டைக்கு வந்தார்கள், நடுவரும் கோலை ரத்து செய்துவிட்டார். சரியா? (வாசகர், நாகர்கோவில்)

ப: 'விசில் ஊதிய பிறகு அடி' என்று நடுவர் முன்கூட்டியே உங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அது சுத்தமான கோல், உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஃபவுல் நடந்த இடத்தில் பந்து அசையாமல் இருந்தால் போதும், உடனே அடிக்கலாம். சுவர் கட்ட நேரம் கொடுத்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஒரு உரிமை தடுக்கும் அணிக்குக் கிடையவே கிடையாது. 9.15 மீட்டர் தள்ளி நிற்பது அவர்கள் கடமை, அவர்களைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்பதா, கேட்காமலே அடித்துவிடுவதா என்பது உங்கள் இஷ்டம். கேட்டுவிட்டால் கதை மாறிவிடும். நடுவர் விசிலைத் தூக்கிக் காட்டுவார், எட்டு வைத்து அளப்பார், அப்புறம் அவர் ஊதினால்தான் அடிக்கலாம். அட்டை காட்டவோ, காயம் பார்க்கவோ, ஆள் மாற்றவோ ஆட்டம் நின்றிருந்தாலும் இதே கதைதான். ஒரு எச்சரிக்கை: நீங்களாக அவசரப்பட்டு அடிக்கும்போது, பக்கத்தில் இருந்த எதிராளி காலில் பந்து மாட்டிக்கொண்டால் ஆட்டம் அப்படியே தொடரும். அடிக்கவே விடாமல் வேண்டுமென்றே மறித்தால் மட்டும் அவருக்கு மஞ்சள் அட்டை.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக்-அவுட் ஆட்டம் நினைவிருக்கிறதா? 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கை, கேரளா பிளாஸ்டர்ஸ் தயாராகும் முன்பே பெங்களூருவின் சுனில் சேத்ரி அடித்து வலைக்குள் போட்டார். நடுவர் கோல் என்றார். கேரளா பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார், பெங்களூரு வென்றதாக அறிவித்தார்கள். அப்புறம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடை. நடுவர் சேத்ரியை விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லியிருந்தார் என்று அவர்கள் நினைத்திருந்தால் வாதாடியிருக்கலாம், எழுதிக் கொடுத்திருக்கலாம். பாதியில் வெளியேறியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கூடுதல் நேரத்தில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, ஒரு கோல் திருப்பியிருக்க முடியாதா?

கே: சில ஃப்ரீ கிக்குகளின்போது நடுவர் கையை மேலே தூக்கியபடியே நிற்கிறாரே, ஏன்? (வாசகி, காரைக்கால்)

ப: அது இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அடித்தவரைத் தவிர இன்னொருவர் மேல் பந்து பட்டால்தான் கோல். யார் மேலும் படாமல் நேராக எதிரணி வலைக்குள் போனால் அவர்களுக்குக் கோல் கிக்தான் கிடைக்கும்.

கே: ஆட்டத்தின் நடுவே கிடைத்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பினால், அடித்தவரே மறுபடி அடிக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

ப: கூடாது. இன்னொருவர் தொட்ட பிறகுதான் அவர் தொடலாம், மீறினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். கீப்பர் கையில் பட்டுத் திரும்பியிருந்தால் தாராளமாக அடிக்கலாம்.