சில்வராடோவில் டேட்டா லாக்: அறுபது சேனல் வேண்டாம், ஒரு டஜன் போதும்

ஹூஸ்டனில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2016 செவ்ரோலே சில்வராடோ 1500 இருக்கிறது. 5.3 லிட்டர் வி8. புதிதாகக் கோல்ட் ஏர் இன்டேக் மாட்டினேன். ஆன்லைனில் ஒரு டியூனரிடம் இன்ஜின் கணினிக்கான ஃபைல் வாங்கி ஏற்றினேன். அவர் டேட்டா லாக் (வண்டி ஓடும்போது இன்ஜின் அளவுகளை எடுத்த பதிவு) கேட்டார். மலிவான ப்ளூடூத் அடாப்டரை ஓபிடி போர்ட்டில் (சோதனைக் கருவி செருகும் இடம்) செருகி, போன் ஆப்பில் இருந்த அறுபது சேனலையும் டிக் செய்து, அரை மணி நேரம் ஓட்டி அனுப்பினேன். 'இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லிவிட்டார். எதை, எப்படிப் பதிவு செய்ய வேண்டும்?"

டியூனர் சொன்னது சரிதான். உங்கள் உழைப்பில் குறையில்லை. கேட்ட சேனல்களின் எண்ணிக்கைதான் லாக்கைக் கெடுத்துவிட்டது.

லாக்கர் இன்ஜினைத் தானே பார்ப்பதில்லை. இன்ஜினை இயக்கும் கணினியான ஈசிஎம்மிடம் "ஆர்பிஎம் எவ்வளவு? ஸ்பார்க் எவ்வளவு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வரும் பதிலை எழுதிக்கொள்கிறது. இப்படிக் கேட்கும் ஒவ்வொரு அளவும் ஒரு சேனல். மலிவான ப்ளூடூத் அடாப்டருக்கு ஒரு விநாடியில் பத்து, இருபது பதில் கிடைத்தாலே பெரிது. அறுபது சேனல் கேட்டால் ஒவ்வொரு சேனலும் மூன்று முதல் ஆறு விநாடிக்கு ஒருமுறைதான் புதிதாகும். உங்கள் வண்டி இரண்டாம் கியரில் முழு த்ராட்டிலில் (பெடலை முழுதாக அழுத்தி) 2,500-இலிருந்து 5,600 ஆர்பிஎம் ஏறுவதற்கே ஐந்தாறு விநாடிதான் ஆகும். அந்த ஓட்டம் முழுவதற்கும் ஸ்பார்க்குக்கு ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோதான் விழுந்திருக்கும். 5,000 ஆர்பிஎம்மில் ஒரு வி8 விநாடிக்கு 333 முறை எரிக்கிறது. நடுவில் நாக் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்து எரிவது) வந்து போயிருந்தால் லாக்குக்குத் தெரியவே தெரியாது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. பல ஆப்கள் புதிய பதில் வரும்வரை பழைய எண்ணையே அடுத்தடுத்த வரிகளில் நிரப்பும். அதனால் ஒரே வரியில் இருக்கும் ஆர்பிஎம்மும் ஸ்பார்க்கும் வெவ்வேறு நேரத்தவை. பார்க்க முழுமையான அட்டவணைபோல இருக்கும். அதை நம்பி யாராவது டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை) மாற்றினால் பிஸ்டனுக்குத்தான் ஆபத்து.

எனவே முதலில் கருவியை மாற்றுங்கள். செவ்ரோலேயைத் தயாரிக்கும் ஜிஎம்மின் வண்டிகளுக்கு ஹெச்பி டியூனர்ஸின் எம்பிவிஐ வகை இன்டர்ஃபேஸும், லேப்டாப்பில் விசிஎம் ஸ்கேனரும் பலர் பயன்படுத்துவது. பொதுவான ஓபிடி எண்களோடு நாக் ரிடார்ட் (நாக்குக்காக ஈசிஎம் டைமிங்கைக் குறைக்கும் அளவு), டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) குறைப்பு போன்ற ஜிஎம்முக்கே உரிய சேனல்களும் அதில் வரும். வாங்குவதற்கு முன் உங்கள் டியூனர் எந்த மென்பொருளில் வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரால் திறக்க முடியாத ஃபைலால் பயனில்லை.

அப்புறம், ஒரு லாக்கில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். உங்களுக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புது இன்டேக்கோடு ஈசிஎம் காற்றைச் சரியாக அளக்கிறதா? முழு த்ராட்டிலில் இன்ஜின் பத்திரமாக இருக்கிறதா? இரண்டுக்கும் தனித்தனி லாக் வேண்டும்.

முதல் கேள்விக்கு வேகமாக ஓட்டவே வேண்டாம். மாஃப் சென்சர் தன்னைக் கடக்கும் காற்றை ஒரு ஃப்ரீக்வென்சியாக ஈசிஎம்முக்குச் சொல்கிறது. இன்டேக் குழாயின் விட்டமோ வளைவோ மாறினால், அதே அளவு காற்றுக்கு வேறு ஃப்ரீக்வென்சி வரும். ஈசிஎம் தப்பாகக் கணக்கிடும். எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சர் அதைக் கண்டுபிடித்து, ஃப்யூல் ட்ரிம் மூலம் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டும். ஷார்ட் டெர்ம் (உடனடி), லாங் டெர்ம் (நீண்ட கால) ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். +8 வந்தால், உண்மையில் போன காற்று ஈசிஎம் நினைத்ததைவிட ஏறத்தாழ 8% அதிகம். இந்தக் கூட்டுத்தொகையை மாஃப் ஹெர்ட்ஸுக்கு (அந்த ஃப்ரீக்வென்சிக்கு) எதிரே வரைந்தால், எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று டியூனருக்குத் தெரிந்துவிடும். ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. பத்தைத் தாண்டினால் டியூனைத் தொடுவதற்கு முன் இன்டேக் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கிளாம்ப் ஒன்று சரியாக இறுகாமல் இருந்தாலே ட்ரிம் இப்படி ஏறும்.

கூலன்ட் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பிறகு பதிவைத் தொடங்குங்கள். இருபது, முப்பது நிமிடம், பெடலை மெதுவாக அழுத்தி மெதுவாக விட்டு, பல வேகங்களில் ஓட்டுங்கள். உங்கள் வண்டியில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. சீரான வேகத்தில் போகும்போது அது நான்கு சிலிண்டரை நிறுத்திவிடும். வி4, வி8 இரண்டும் கலந்த லாக்கைப் படிப்பது கஷ்டம். ஷிஃப்டரை எம் (மேனுவல்) நிலைக்குக் கொண்டுவந்து ஐந்தாம் கியரில் வைத்து ஓட்டினால் பொதுவாக எட்டு சிலிண்டரும் வேலை செய்யும். எத்தனை சிலிண்டர் ஓடுகிறது என்று காட்டும் சேனலையும் சேர்த்துக்கொண்டால் சந்தேகமே இல்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் அந்த ஒரு டஜன் சேனல்: ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் பெடல், த்ராட்டில், மாஃப் ஹெர்ட்ஸ், மேப் (இன்டேக்கில் உள்ள காற்றழுத்தம்), ஸ்பார்க் அட்வான்ஸ், நாக் ரிடார்ட், ஈசிஎம் கேட்கும் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரியான கலவை), வைட்பேண்ட் (லாம்டாவைத் துல்லியமாக அளக்கும் ஆக்சிஜன் சென்சர்) காட்டும் லாம்டா, ஃப்யூல் ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தம், இன்டேக் காற்றின் வெப்பம், கியர். வெப்பத்தை விநாடிக்கு ஒருமுறை கேட்டால் போதும். ஆர்பிஎம், ஸ்பார்க், நாக், லாம்டா நான்குக்கும் முடிந்த அளவு வேகத்தைக் கொடுங்கள். ஃப்ளெக்ஸ் ஃப்யூல் (எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோலிலும் ஓடும்) வண்டியாக இருந்தால் எத்தனால் விழுக்காட்டையும் சேருங்கள்.

வைட்பேண்ட் இல்லாமல் முழு த்ராட்டில் லாக் அனுப்பாதீர்கள். உங்கள் வண்டியோடு வந்த ஆக்சிஜன் சென்சர் நேரோபேண்ட். ரிச் (பெட்ரோல் அதிகம்) என்றால் ஏறத்தாழ 0.9 வோல்ட் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு ரிச் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வைட்பேண்ட் சென்சரைக் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், குழாயின் மேல்பாதியில் சாய்வாகப் பொருத்துங்கள். அடிப்பக்கம் வைத்தால் குழாயில் படியும் நீர் பட்டுச் சென்சர் உடைந்துவிடும். கேஜின் வோல்டேஜ் வயரை லாக்கரில் இணைக்கும்போது கிரவுண்டைக் கவனியுங்கள். ஒரு வோல்ட்டுக்கு 2 ஏ.எஃப்.ஆர் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) என்ற அளவுள்ள கேஜில், கிரவுண்ட் சரியில்லாமல் 0.1 வோல்ட் பிசகினால் 0.2 ஏ.எஃப்.ஆர் பிழை. கேஜின் திரையும் லேப்டாப்பும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று ஐடிலில் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஏ.எஃப்.ஆரை விட்டு லாம்டாவில் பேசப் பழகுவது நல்லது. உங்கள் ஊர் பம்பில் வருவது பெரும்பாலும் 10% எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் ஸ்டாய்க் விகிதம் (முழுதாக எரியத் தேவையான ஏ.எஃப்.ஆர்) 14.7 கிடையாது, ஏறத்தாழ 14.1. லாம்டா 0.85 இருக்கும்போது கேஜ் 12.5 என்று காட்டும். உண்மையில் 12-தான். நீங்கள் ஒரு கணக்கிலும் டியூனர் இன்னொரு கணக்கிலும் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். 0.85 என்றால் இருவருக்கும் 0.85.

இந்த ஓட்டத்தை எங்கே செய்வது? ஆறு கியர் கியர்பாக்ஸும், 32 அங்குல டயரும், 3.42 விகித ஆக்சிலும் இருந்தால், மூன்றாம் கியரில் 5,600 ஆர்பிஎம் என்பது மணிக்கு 100 மைலுக்கும் மேல். பொது ரோட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். இரண்டாம் கியரில் 66 மைல்தான் வரும். ஆனாலும் டைனோவிலோ (வண்டியை நிறுத்திவைத்து ஓட்டும் சோதனை மேடை) டிராக் ஸ்ட்ரிப்பிலோ (நேர்கோட்டுப் பந்தயத் தடம்) செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். லேப்டாப்பைப் பக்கத்தில் உட்காருபவர் பார்க்கட்டும். உங்கள் கண் ரோட்டிலேயே இருக்கட்டும்.

பெடலைச் சட்டென்று மிதிக்க வேண்டாம். ஓரிரு விநாடியில் சீராக அழுத்துங்கள். த்ராட்டில் திடீரென்று திறந்தால், நாக் வரக்கூடும் என்று ஊகித்து ஜிஎம் ஈசிஎம் முன்கூட்டியே டைமிங்கைக் குறைக்கும். லாக்கில் அதுவும் நாக்போலத்தான் தெரியும். கியர்பாக்ஸ் முதல் கியருக்கு இறங்கிவிட்டால் அந்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். அடுத்த முறை கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஆரம்பிக்கலாம்.

பெடல் 100%, த்ராட்டில் 60% என்று லாக் காட்டினால் சென்சர் போய்விட்டது என்று பதறாதீர்கள். ஈசிஎம் தனக்கு விதித்த டார்க் வரம்பை மீறாமல் த்ராட்டிலைத் தானே மூடுகிறது. அது டியூனர் பார்க்க வேண்டிய விஷயம். ரயில் அழுத்தம் அப்படியில்லை. இந்த இன்ஜினில் அது 2,175 பிஎஸ்ஐ வரை போகும். ஈசிஎம் கேட்ட அழுத்தத்தைவிட உண்மை அழுத்தம் ஆர்பிஎம் ஏற ஏறச் சரிந்தால், பம்பைப் பார்க்காமல் மேலும் ஓட்டக்கூடாது.

நாக் ரிடார்ட் எங்கேயோ ஒரு கணம் ஒரு டிகிரி வந்து மறைந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்தால் அது நிஜம். நான்கு டிகிரி தொட்டால் அந்தக் கணமே காலை எடுங்கள். எக்ஸாஸ்ட் ஃப்ரேமில் இடிக்கும் சத்தத்தைக்கூட நாக் சென்சர் தப்பாக எடுத்துக்கொள்வது உண்டு. ஆனால் இடிக்கிறதா என்று வண்டிக்கு அடியில் போய்ப் பார்க்காமல் அப்படி முடிவு செய்யாதீர்கள். 87 ஆக்டேனில் இருந்து 93-க்கு மாறியிருந்தால் உடனே லாக் எடுக்கவும் வேண்டாம். இந்த ஈசிஎம் நல்ல பெட்ரோலுக்கு ஒன்று, மட்டமான பெட்ரோலுக்கு ஒன்று என இரண்டு ஸ்பார்க் அட்டவணை வைத்திருக்கிறது. நாக் கண்டிருந்தால் மட்டமான பக்கம் சாய்ந்திருக்கும். திரும்பி வர ஓட்டம் தேவை.

டியூன் ஏற்றிய பின் ஈசிஎம்மின் ரெடினஸ் மானிட்டர்கள் (எமிஷன் பாகங்களை ஈசிஎம் தானே சோதித்து முடித்ததற்கான குறிப்புகள்) அழிந்திருக்கலாம். ஹாரிஸ் கவுண்டியில் எமிஷன் சோதனை நெருங்கினால், சில நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டுப் போங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு எதிரானது.

அனுப்பும்போது ஒரே நிலையில் எடுத்த இரண்டு ஓட்டங்களை அனுப்புங்கள். நடுவில் பத்து நிமிடம் சாதாரணமாக ஓட்டி, இன்டேக் வெப்பம் இறங்கிய பிறகு இரண்டாவதை எடுங்கள். கூடவே எந்த பெட்ரோல், வெளி வெப்பம் எவ்வளவு, டயர் அளவு, எந்தத் தேதியில் வந்த டியூன் ஃபைல், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். திரையைப் போனில் படமெடுத்து அனுப்பாமல், ஸ்கேனர் சேமித்த மூல ஃபைலையே அனுப்பிவிடுங்கள்.