தக்காளிப் பூ ஏன் உதிர்கிறது?

கேள்வி: முதல் முறையாக மொட்டை மாடியில் ஆறு பெயின்ட் வாளிகளில் தக்காளி வைத்தேன். இடுப்பளவு வளர்ந்து நன்றாகப் பூத்தது. சித்திரை பிறந்ததிலிருந்து பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து கிடக்கிறது. தண்ணீர் போதவில்லையா?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: தண்ணீர் இல்லை அம்மா, வெயில். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூ காயாகாமல் உதிரும். நம்மூர்ச் சித்திரையில் 38, 40 சாதாரணம். மாடித் தளமோ ராத்திரியிலும் சூட்டைக் கக்கும்.

எல்லீஸ் நகரில் என் மாடியிலும் முதல் வருடம் இப்படித்தான். பூ உதிர உதிர இன்னும் தண்ணீர் ஊற்றினேன். வேர் அழுகி இரண்டு செடி போயின. பிடுங்கியபோது வேர் பழுப்பாகக் கையோடு நழுவி வந்தது. மனசே ஆறவில்லை. அதனால் சொல்கிறேன், மண்ணுக்குள் இரண்டு விரற்கணு ஆழம் தொட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். அப்புறம், வாளியின் அடியில் ஓட்டை போட்டிருக்கிறீர்கள் அல்லவா? வாளிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள்.

இந்த வெயிலுக்கு வெண்டை, கொத்தவரை போடலாம். தக்காளியை ஆடியில் மறுபடி விதையுங்கள். ஐப்பசி வாக்கில் காய் பறிப்பீர்கள்.