ஐசியூவில் கடைசி நேரம்: புதிய நர்ஸ்களின் கேள்விகளுக்குப் பதில்

22 வருடமாக ஐசியூ டியூட்டி பார்க்கிறேன். இனித் தேற மாட்டார் என்ற நிலையில் இருக்கும் நோயாளியின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

"எங்கப்பா பிழைச்சுடுவாரா சிஸ்டர்?" என்று கேட்டால், "டாக்டரைக் கேளுங்க" என்று நகர்ந்துவிடுகிறேன். தப்பா அக்கா?

டாக்டர்தான் சொல்ல வேண்டும், அது சரி. நகர்ந்துவிடுகிறீர்களே, அதுதான் அவர்களைச் சுடும். நான் திருப்பிக் கேட்பேன்: "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" பல பேர், "பிபி இறங்கிடுச்சாம், மருந்து ஏத்துறாங்களாம்" என்பார்கள். மருந்து ஏறுகிறது, அதனால் சரியாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பிபியை ஏற்றும் மருந்தான நாராட்ரினலினைக் கூட்டிக்கொண்டே போயும் பிபி நிற்கவில்லை என்பது அவர்களுக்கு எட்டியிருக்காது. இதை டியூட்டி டாக்டரிடம் சொல்லி, அவர் பேசும்போது நானும் கூட நிற்பேன். அவர் போன பிறகுதான் நிஜமான கேள்விகள் வரும்.

எதைச் சொல்லவே கூடாது?

"இனி ஒண்ணும் பண்றதுக்கில்லை." வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து, வாய் உலராமல் துடைப்பது என்று பண்ண நிறைய இருக்கிறது.

நோயாளி வென்டிலேட்டரில். வாயில் பால் ஊற்றியே ஆக வேண்டும் என்று அழுகிறார்கள்.

ஊற்ற விடாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கும். "கூடாது" என்று விரட்டவும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, காஸ் துணியைப் பாலில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, உதட்டில் ஒற்றச் சொல்லிக் கொடுப்பேன். மூன்று நாளாக வராந்தாவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு மகன், அப்படி ஒற்றிவிட்டுத்தான் பேசினார்: "ட்யூப் போட்டுக் கிடக்க மாட்டேன்னு அம்மா அப்பவே சொன்னாங்க சிஸ்டர்." இந்த மாதிரிப் பேச்சை உடனே டாக்டரிடம் சொல்லி, நோட்ஸிலும் எழுதுங்கள். நோயாளியின் விருப்பம் நமக்குத் தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான்.

வென்டிலேட்டரை எடுத்தால் நாமே கொன்ற மாதிரி ஆகாதா?

ஆகாது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிவிட்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. 3 டாக்டர்கள் கொண்ட ஒரு குழு, அப்புறம் 3 பேர் கொண்ட இன்னொரு குழு, குடும்பத்தின் சம்மதம் எல்லாம் வேண்டும். நர்ஸ் தானாக எதையும் நிறுத்த முடியாது. வீட்டாரிடம் நான் சொல்வது: "நோய்தான் அவங்களைக் கொண்டுபோகுது. மெஷின் அதைத் தள்ளித்தான் போடுது."

நினைவில்லாதவரிடம் பேசச் சொல்லலாமா?

தாராளமாக. காது கேட்கிறது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். எங்கள் ஐசியூவில் நாற்காலிக்குத்தான் பஞ்சம். என்னுடையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே நோட்ஸ் எழுதுவேன்.