மலைப்பாதையில் வண்டியை நிறுத்துவது எதற்கு? கேள்வி பதில்

ஊட்டி, குன்னூர் கோர்ட்டுகளில் மோட்டார் வாகன வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேத்தியிலிருந்து ஒரு டிரைவர்: கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறேன் சார். ஒரே நடையில் மூன்று இடத்தில் போலீஸ்காரர்கள் ஆர்.சி. புக் கேட்கிறார்கள். போனில் காட்டினால் செல்லாது என்கிறார்கள்.

செல்லும். சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவு. ஆனால் லைசென்ஸானாலும் ஆர்.சி.யானாலும், டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் இருப்பதைக் காட்டினாலே போதும். 2020 அக்டோபர் 1 முதல் உள்ள விதிப்படி, ஆன்லைனில் சரிபார்த்துவிட்ட ஆவணத்தைத் தாளாகக் கேட்கக் கூடாது. கேலரியில் இருக்கும் போட்டோவைக் காட்டாதீர்கள், செயலியைத் திறந்து காட்டுங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா: மகன் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில் இருக்கிறான். அங்கே சின்னக் குறைக்கெல்லாம் போலீஸ் வண்டியை நிறுத்தக் கூடாதாமே? அது இங்கே வராதா?

உண்மைதான் அம்மா. 2021 அக்டோபரில் அந்த நகர மன்றம் நிறைவேற்றிய சட்டம், 2022 மார்ச்சில் அமலானது. ஒரு பிரேக் லைட் எரியாதது, பம்பர் பழுது, பதிவைப் புதுப்பிக்கத் தாமதம் என எட்டுக் குறைகள் அதில் உண்டு. அபராதம் உண்டு, ஆனால் அதற்காக மட்டும் நடுரோட்டில் நிறுத்தக் கூடாது. சின்னக் குறையைச் சாக்காக வைத்துக் கறுப்பின மக்களையே அதிகம் நிறுத்தினார்கள் என்பதுதான் காரணம். 2021 ஏப்ரலில் அதே அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பதிவு காலாவதியான வண்டி என்று நிறுத்தப்பட்ட டான்டே ரைட் என்ற 20 வயதுக் கறுப்பினப் பையன் போலீஸ் சுட்டு இறந்தான். அந்தச் சாவை நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே மலைக்குக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். பனிமூட்டத்தில் குன்னூர் காட் ரோட்டில் இறங்கும்போது, முன்னால் போகிற லாரியின் பிரேக் லைட்டை நம்பித்தான் நாம் உயிரோடு வருகிறோம். லைட், பிரேக், டயர் என்றால் நிறுத்தட்டும். காகிதத்துக்காக நிறுத்துவதைத்தான் குறைக்க வேண்டும்.

கூடலூரிலிருந்து ஓர் இளைஞர்: வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் பைக் சாவியை உருவிக்கொண்டார் அண்ணா.

அதற்கு எந்தப் பிரிவும் இல்லை தம்பி. மரியாதையாகவே கேளுங்கள், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள்.

குன்னூர் டாக்ஸி டிரைவர்: வளைவிலேயே கை காட்டுகிறார்களே சார்?

இதுதான் எனக்குப் பெரிய கவலை. இண்டிகேட்டர் போட்டு, வேகம் குறைத்து, அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். மலைக்கு வர வாங்கும் இ-பாஸுக்கும், தடை செய்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் வெளியூர் வண்டிகள் எப்படியும் நிற்கின்றன. அவற்றின் காகிதத்தையும் அங்கேயே ஒரே தடவையில் பார்த்து அனுப்பிவிட்டால், கொண்டை ஊசி வளைவில் யாரும் கை காட்ட வேண்டியதில்லை. இதைக் கேட்டு கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் டிரைவர்கள் வாருங்கள்.