25 நாள்ல ஏழு நாடு (கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

வர்ற ஜூலைல நான், வீட்டுக்காரர், மாமியார் (62 வயசு, பிபி மாத்திரை போடறாங்க) மூணு பேரும் தென் அமெரிக்கா போறோம், மொத்தம் 25 நாள். கொலம்பியா, ஈக்வடார், தெற்குக் கோடில இருக்கற படகோனியா பாத்துட்டு சிலியோட சாண்டியாகோலேர்ந்து நேரா பொலிவியாவோட லா பாஸுக்கு ஃப்ளைட், அப்புறம் பெரு, அர்ஜென்டினா, பிரேசில். இவ்ளோ தூரம் போறோம், இனிமே எப்ப போவோமோன்னு இவர் எல்லாத்தையும் சேத்துட்டாரு. சரியா வருமா?

எம்.

அன்புள்ள எம்,

முதல்ல அந்த லா பாஸ் ஃப்ளைட்டை எடுத்துடுங்கம்மா. சாண்டியாகோ சுமார் 570 மீட்டர் உயரம், லா பாஸ் ஏர்போர்ட் இருக்கற எல் ஆல்ட்டோ 4,060 மீட்டர், ஒரே மதியத்துல அவ்ளோ உயரம் ஏறினா உடம்பு எப்படி தாங்கும். நான் அப்படி நேரா போய் இறங்கினவன். ஷூ லேஸ் அவுக்கக் குனிஞ்சா மூச்சு வாங்குது, பைல இருந்த சிப்ஸ் பாக்கெட் வெடிக்கற மாதிரி உப்பிக் கிடக்கு, ராத்திரி பூரா தலைவலில சுவத்தைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன், அப்ப எனக்கு 38 வயசுதான். கோகா இலை டீ குடுப்பாங்க, இதமா இருக்கும், ஆனா அத நம்பி மேல ஏறக்கூடாது. தலைவலியோட வாந்தி, நடை தள்ளாடுறது, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு முட்டுறது, இதுல எது வந்தாலும் உடனே கீழ இறங்கிடணும்.

அதனால நாட்டை எண்ணாம, எந்த ராத்திரி எத்தனை மீட்டர்ல தூங்கறோம்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா தூங்கற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாதுங்கறதுதான் பொதுவான கணக்கு. பெருவோட தலைநகர் லிமா கடலோரம், அங்க ரெண்டு நாள் இருங்க. அடுத்து ஃப்ளைட்ல போற கூஸ்கோ ஊரு 3,400, ஆனா இறங்கின உடனே அங்க தங்காம கார் வச்சு உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிடுங்க, 2,800 சொச்சம்தான், மூணு ராத்திரி அங்க, அங்கேர்ந்து ரயில்ல பழைய இன்கா நகரம் மச்சு பிச்சு (2,430), கூஸ்கோவைக் கடைசில வச்சுக்கலாம். மாமியாரோட டாக்டர்கிட்ட பெரு போறோம்னு மட்டும் சொன்னா பத்தாது, 3,400 மீட்டர்ல தூங்கப் போறோம்னு நம்பரோட சொல்லுங்க.

படகோனியாவுக்கு ஜூலை நடுக் குளிர்காலம், பகல் குட்டி, பாதி இடம் மூடிக் கிடக்கும், விட்டுடுங்க. உயுனி உப்புப் பாலைவனத்துல வானம் கண்ணாடி மாதிரி தெரியற ஃபோட்டோ பாத்துத்தான் உங்க வீட்டுக்காரர் பொலிவியாவ சேத்திருப்பாருன்னு நினைக்கறேன், அது மழைத் தண்ணி நிக்கற ஜனவரி டூ மார்ச்ல, ஜூலைல காஞ்ச உப்புதான், அதுவும் அழகுதான், ஆனா ராத்திரி மைனஸ்ல போகும், 3,650 மீட்டர் வேற. மாமியார வச்சிட்டு வேணாம். கொலம்பியாவும் ஈக்வடாரும் தனியா ஒரு பயணமா வச்சுக்கலாம், இதுல திணிக்காதீங்க.

மிச்ச நாளை இகுவாசு அருவிக்குக் குடுங்க. அருவில பெரும்பகுதி அர்ஜென்டினா பக்கம், மொத்தமா விரிஞ்சு தெரியறது பிரேசில் பக்கத்துலேர்ந்து, ரெண்டு பக்கமும் போகணும். அப்புறம் ரியோவோ பியூனஸ் அயர்ஸோ ஏதாவது ஒண்ணுல நிதானமா ஒரு வாரம். இதுவே மூணு நாடு ஆச்சு. லிமாலேர்ந்து பியூனஸ் அயர்ஸ் மட்டுமே 3,100 கிலோமீட்டர், ஒவ்வொரு தாவலுக்கும் முழுசா ஒரு நாள் போயிடும், ஏழு நாடுன்னா ஏர்போர்ட்லயே ஒரு வாரம். ஐரோப்பாவோட ஷெங்கன் மாதிரி ஒரே விசாவும் அங்க கிடையாது, மூணு நாட்டுக்கும் தனித்தனியா பாக்கணும்.

இகுவாசுவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடச் சொல்வாங்க, 10 நாளாவது முன்னாடி போட்டிருக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும், ஆனா 60 தாண்டினவங்களுக்கு டாக்டர் யோசிச்சுத்தான் போடுவாங்க, அதனால மத்த எந்த டிக்கெட்டும் போடறதுக்கு முன்னாடி மாமியார கூட்டிட்டுப் போய் இத கேட்டுடுங்க. அவங்களுக்கு வேணாம்னுட்டா இகுவாசுவ விட்டுட்டு பெருவுலயே இன்னும் பத்து நாள் இருங்க, தெற்கால அரெகிப்பா இருக்கு, 2,300 மீட்டர்தான், வெள்ளை எரிமலைக் கல்லுல கட்டின ஊரு, அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்.