ஒரு நாள் குறையும் பிறந்த தேதி

கேள்வி: எங்கள் ஆப்பில் பிறந்த தேதி 15-08-1990 என்று தேர்ந்தெடுத்தால், சர்வரில் 14 என்று பதிவாகிறது. எல்லோருக்கும் இப்படித்தான். ஏன்? – வாசகர், மதுரை

பதில்: ஜாவாஸ்கிரிப்ட்தானே? தேதியை அனுப்பும் முன் 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' (toISOString) என்ற கட்டளை போட்டிருப்பீர்கள். அது நேரத்தை யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றித்தான் எழுதும். நம் நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தேதியை மட்டும் தேர்ந்தெடுத்ததால் நேரம் நள்ளிரவு என்று பதிவாகியிருக்கும். இங்கே 15-ம் தேதி பிறக்கும் நள்ளிரவு, யுடிசியில் 14-ம் தேதி மாலை 6.30. அது எழுதியதில் தேதி இருக்கும் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தால் 14 தான் வரும்.

ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள் செய்தபோது நானும் இதே குழியில் விழுந்தேன். முகூர்த்த நாள் ஒரு நாள் முன்னால் போய்விட்டது. மேனேஜர் பேசியதை இங்கே அச்சிட முடியாது.

பிறந்த தேதிக்கு நேரம் எதற்கு? ஆண்டு, மாதம், நாளைத் தனித்தனியே எடுத்து '1990-08-15' என்று வெறும் எழுத்தாகவே அனுப்புங்கள். டேட்டாபேஸிலும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் 'டைம்ஸ்டாம்ப்' வகை வேண்டாம், 'டேட்' வகை போதும். மாதத்தோடு 1 கூட்ட மறக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் ஜனவரி 0. 1995-ல் ஜாவா மொழியிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், இன்னும் விடவில்லை.

அப்புறம், கூகுள் கேலண்டர் ஏபிஐ (நம் மென்பொருள் அந்தக் கேலண்டரோடு பேசும் வழி) பக்கம் போனால் இன்னொன்று: முழு நாள் நிகழ்ச்சியில் முடிவுத் தேதி கணக்கில் சேராது. 11, 12 இரண்டு நாள் கல்யாணத்துக்கு முடிவு 13 என்று கொடுக்க வேண்டும்.